பழைய ஆட்டோமேடிக் மினிவேனில் வந்து வந்து போகும் கியர் கோளாறு: கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

வெட்டாற்றங்கரை, ஏப்ரல் 27

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு டீசல் மினிவேன். எட்டுப் பேர் அமரலாம். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை 5 கியர் ஆட்டோமேடிக், பின்சக்கர இயக்கம், இதுவரை 1,72,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்காகக் கொரடாச்சேரியிலிருந்து தஞ்சாவூருக்கு நானே ஓட்டிச் செல்கிறேன்.

தை மாதம் முதல் ஒரு கோளாறு வருகிறது, போகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நெடுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பினால், சில நாட்களில் வண்டி மிகவும் கனமாக நகர்கிறது. பிறகு வேகம் எடுத்தாலும் கியர் மாறுவதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்திலேயே இன்ஜின் 2,700 ஆர்பிஎம்முக்கு மேல் கத்துகிறது, டேஷ்போர்டில் டி (டிரைவ்) விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஒரு பணிமனையில் காட்டினேன். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள், கோளாறு வரவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும், கியர்பாக்ஸைப் பிரித்தால் ஒன்றேகால் லட்சம் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணம் செலவழித்த பிறகும் கோளாறு தீரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பின்னிருக்கையில் அம்மா சோர்ந்து படுத்திருக்கும்போது வண்டி இப்படிச் செய்தால் எனக்குக் கைகால் நடுங்கிவிடுகிறது. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

வல்லம் பணிமனை, ஏப்ரல் 27

சகோதரி, பிரிக்க வேண்டாம். முப்பது ஆண்டுகளாகக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தேய்ந்த கிளட்ச் தட்டு சாவியை அணைத்துப் போட்டால் குணமாகாது. நீங்கள் சொல்வது கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் தானே எடுத்த முடிவு. ஏதோ ஒரு சென்சாரிலிருந்து வரும் தகவலையோ, ஒரு சோலினாய்டுக்கு (மின்சாரத்தால் ஆயில் வால்வை இயக்கும் உறுப்பு) போகும் மின்சாரத்தையோ நம்ப முடியாமல் போனால், அது சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத நிலையில் வால்வுகள் எந்த இடத்தில் நிற்கின்றனவோ அந்தக் கியர் மட்டும்தான் கிடைக்கும். பல வண்டிகளில் அது மூன்றாவது கியர். அதனால்தான் கிளம்பும்போது கனம், ஓடும்போது கத்தல். இதைத்தான் லிம்ப் மோட் என்கிறோம். சாவியை அணைத்தால் கம்ப்யூட்டர் புதிதாகத் தொடங்கும், மறுபடி அந்தப் பிழையைக் காணும்வரை ஒழுங்காக ஓட்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கிளட்ச் உண்மையாகவே வழுக்கினாலும், உள்ளே சுற்றும் வேகமும் வெளியே சுற்றும் வேகமும் அந்தக் கியருக்கு உரிய விகிதத்தில் இல்லை என்று கண்டு கம்ப்யூட்டர் இதே நிலைக்குப் போகும். அப்போது பி 0730 அல்லது பி 0731 முதல் பி 0735 வரையிலான கோடுகளில் (பிழையைக் குறிக்கும் எண்களில்) ஒன்று பதிவாகும். அப்படி வந்தால் நான் என் பேச்சை மாற்றிக்கொள்வேன். ஆகவே கோடு என்ன என்பதே முதல் கேள்வி. அந்தப் பணிமனையில் பேட்டரியைக் கழற்றியது பெரிய தவறு. பல வண்டிகளில் பழைய பதிவுகள் அதோடு அழிந்துவிடும். இனி யார் கேட்டாலும் பேட்டரியில் கை வைக்க விடாதீர்கள். மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்களில் பல இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும்; அதில் பி 0700 என்று மட்டும் வரும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதியிருக்கிறது, அங்கே போய்ப் படி என்பதுதான் அதன் பொருள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

அதுவரை ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறை கோளாறு வரும்போதும் நேரம், வெயிலா மழையா, ஏசி ஓடியதா, எவ்வளவு நேரம் நின்றிருந்தீர்கள், எந்தச் சாலை, எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதுங்கள். கோளாறு வராத பயணங்களையும் எழுத வேண்டும். அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மன்னை வாடகை வண்டி, ஏப்ரல் 28

எனக்கு டார்க் கன்வெர்ட்டர் மேல்தான் சந்தேகம். என் பழைய வண்டியில் 65, 70 வேகத்தில் கரடுமுரடான சாலையில் போவதுபோல் ஒரு நடுக்கம் வந்து, கடைசியில் கன்வெர்ட்டரையே மாற்றினேன். ஆயிலை மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்து பாருங்கள் அக்கா, பாதி நோய் அதிலேயே போய்விடும்.

வல்லம் பணிமனை, ஏப்ரல் 28

தம்பி, அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நடுக்கம் வரும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் மெல்லத் தொட வேண்டும். பிரேக் சுவிட்சின் செய்தி கிடைத்ததும் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரின் லாக்-அப்பை (அதன் இரு பக்கத்தையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்சை) விடுவித்துவிடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் லாக்-அப் கிளட்ச்; நிற்காவிட்டால் இன்ஜின் மிஸ்ஸிங்கோ, ப்ரொப்பல்லர் ஷாஃப்டோ. பின்னால் வண்டி வராத நேரான சாலையில் மட்டும் செய்ய வேண்டும். சகோதரி நடுக்கம் என்று எதையும் சொல்லவில்லையே.

மெஷின் ஃப்ளஷ் எனக்கு உடன்பாடில்லை. ஆயில் மாற்றாமல் ஒன்றரை லட்சம் ஓடிய பெட்டியில் படிந்திருக்கும் கசடு கிளம்பி வால்வு பாடியின் (ஆயிலை வால்வுகள் வழியாகப் பிரித்து அனுப்பும் பகுதியின்) நுண்ணிய வழிகளில் போய் உட்காரும். கீழே வடித்துவிட்டு அதே அளவு புது ஆயில் ஊற்றுவதுதான் நல்லது. கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கும் ஆயில் வடியாது. ஒருமுறை வடித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மாறும். ஐந்நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை செய்யலாம். ஆயில் அந்த வண்டிக்கு உற்பத்தியாளர் சொன்ன வகையாகவே இருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் பொது என்று விற்பதை ஊற்றாதீர்கள்.

கோடியக்கரை, ஏப்ரல் 30

செகண்ட் ஹேண்ட் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது என் வண்டி கதவுயரத் தண்ணீரில் நின்றது. கியர்பாக்ஸின் மேலே காற்றுப் போக ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. மூன்று முறை ஆயில் மாற்றி ஓட்டினேன். நான்கு மாதத்தில் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு பெயர்ந்துவிட்டது. அந்தப் பூச்சு காகித நாரால் ஆனது, தண்ணீர் பட்டால் ஊறிப் பசை விடும் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள்: சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை, இவை பொய் சொல்லாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் ஆயில் இதே நிறத்துக்கு வரும்.

வெட்டாற்றங்கரை, மே 16

எல்லோருக்கும் நன்றி. பத்தொன்பது நாள் நோட்டு எழுதினேன். பயணங்கள் பதினான்கு, கோளாறு ஆறு முறை. ஐந்து முறை நண்பகலில், ஏசி ஓட, கேட்டில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்ற பிறகு. காலை ஆறு மணிக்குக் கிளம்பிய எந்தப் பயணத்திலும் வரவில்லை. ஆறாவது மட்டும் பொருந்தவில்லை: மே 9 இரவு, கோடை மழை பெய்து ஓய்ந்தபின், வீட்டிலிருந்து கிளம்பி மூன்று கிலோமீட்டரில் வந்துவிட்டது.

சீட் பெல்ட் சுத்தமாக இருக்கிறது, தண்டவாளத்தில் துரு இல்லை. இன்ஜின் சூடாக ஓடும்போது, எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். அளவு இரண்டு கோட்டுக்கு நடுவே. நிறம் வெளிறிய டிகாக்ஷன்போல் பழுப்பு, கருகல் வாடை இல்லை, துணியில் பொடி ஏதும் ஒட்டவில்லை. ஸ்கேனர் இரவல் கிடைத்தது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் பி 0722 என்று இருக்கிறது. விகிதக் கோடு எதுவும் இல்லை. கேட்டில் நிற்கும்போது ஆயில் வெப்பம் 118 டிகிரி வரை ஏறியதை லைவ் டேட்டாவில் பார்த்தேன்.

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன், மே 16

பி 0722 என்றால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு சுற்றும் வேகத்தை அளக்கும் வெளிச்சுழற்சி வேக சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று பொருள். சென்சாரை மாற்று என்று பொருள் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனையோ நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன. சென்சார், அதன் கப்ளர், அங்கிருந்து கம்ப்யூட்டர்வரை வரும் வயர், கம்ப்யூட்டரின் பின், எர்த் ஆகிய எதிலும் பிழை இருக்கலாம். பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்து வேகத்தை எடுப்பதால், ஸ்பீடோமீட்டர் முள் ஒழுங்காக இருந்தாலும் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

அம்மா, உங்களிடம் மல்டிமீட்டர் இருந்தால் எர்த்தை நீங்களே பார்க்கலாம். இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறு முனையைக் கியர்பாக்ஸ் உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-க்கு மேல் போனால் எர்த் வயரைக் கழற்றித் தேய்த்துப் போட வேண்டும். பேட்டரியின் இரண்டு கம்பத்துக்கு இடையில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு வோல்ட்டேஜ் ஆடினால் இல்லாத நோயெல்லாம் காட்டும்.

மன்னை வாடகை வண்டி, மே 17

118 டிகிரி என்பது அதிகம் அக்கா. இப்போது நம் பக்கத்தில் உளுந்து அடிக்கும் காலம். சாலை முழுவதும் செடியைப் பரப்பி, போகிற வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அந்தச் சக்கையும் தூசும் முன்பக்கம் வழியாக ஏறி ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் அடைத்துக்கொள்ளும். தை மாதத்தில் வைக்கோலும் பதரும் இதே வேலையைச் செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும்; நடுவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

வெட்டாற்றங்கரை, மே 21

தம்பி சொன்னது சரி. முன்பக்க கிரில்லைக் கழற்றி, மேல் பட்டையை விலக்கி டார்ச் அடித்தேன். ரேடியேட்டரின் கீழ்ப்பாதி கண்ணுக்கே தெரியவில்லை. உளுத்தஞ்சக்கை, நெற்பதர், பூச்சிச் சிறகு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் குழைந்து கனத்த சாக்கு விரித்ததுபோல் படிந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்து எடுத்ததில் அரை முறம் குப்பை வந்தது. நேற்று அதே கேட்டில் இருபது நிமிடம் நின்றேன். ஆயில் வெப்பம் 94 டிகிரியைத் தாண்டவில்லை, கோளாறும் வரவில்லை. எர்த்தில் 0.05 வோல்ட், பேட்டரியில் 14.1 வோல்ட். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைக்கிறேன்.

வல்லம் பணிமனை, மே 21

வெப்பம் குறைந்தது மிக நல்ல செய்தி. ஆயிலின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. கேட்டில் நிற்கும்போது டி-யில் பிரேக்கை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலில் போடுங்கள். டி-யில் நிறுத்தினால் கன்வெர்ட்டருக்குள் ஒரு பக்கம் சுற்ற, மறுபக்கம் நிற்க, நடுவில் ஆயில் கடைந்து சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் தீர்ந்தது என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, சகோதரி. வெப்பம்தான் நோய் என்றால் ஆயில் அதிகச் சூடு என்று பி 0218 பதிவாகியிருக்கலாம். உங்களுக்கு வந்தது சிக்னல் இல்லை என்ற கோடு. சூடு அந்தச் சிக்னலை அறுத்திருக்கிறது. சூட்டைக் குறைத்துவிட்டோம், அறுபடும் இடம் அப்படியேதான் இருக்கிறது. சென்சாருக்குள் இருக்கும் செப்புச் சுருளிலோ வயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் குளிர்ந்த நிலையில் ஒட்டியிருக்கும், சூட்டில் விலகும். மேலும், மே 9 இரவு மழைக்குப் பிறகு மூன்றே கிலோமீட்டரில் வந்ததாக எழுதினீர்களே, அப்போது ஆயில் சூடேறவே நேரமில்லை. பொருந்தவில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்த ஒரு வரிதான் என் மனத்தில் நிற்கிறது. நோட்டை நிறுத்தாதீர்கள்.

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன், மே 22

ஐயா சொல்வதை ஆமோதிக்கிறேன். ஒரு சேர்க்கை: சென்சாரின் ஓமை அளப்பவர்கள் குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்கிறார்கள். செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் அளந்ததைவிட 100 டிகிரியில் கால் பங்குக்கு மேல் கூடுதலாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அளவு நிலையாக நிற்காமல் தாவினால்தான் பயப்பட வேண்டும். இரண்டு வயர் வரும் காந்தச் சுருள் வகைக்குத்தான் இந்த அளவை பொருந்தும். மூன்று வயர் வரும் ஹால் வகையில் ஓம் பார்த்துப் பயனில்லை.

வெட்டாற்றங்கரை, அக்டோபர் 29

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நான்கு மாதமும் ஒருமுறைகூட வரவில்லை. இடையில் இரண்டு முறை ஆயிலை வடித்து மாற்றினேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வந்துவிட்டது. ஒரே வாரத்தில் நான்கு முறை. ஆயில் வெப்பம் 80 டிகிரிதான். முந்தாநாள் நீடாமங்கலம் தாண்டித் தேங்கிய தண்ணீரில் சக்கரம் இறங்கி ஏறிய அதே நொடியில் டி விளக்கு எரிந்தது. அதே பி 0722. வல்லம் ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது.

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன், அக்டோபர் 29

வண்டியைக் கொண்டுவாருங்கள் அம்மா. கோளாறு அடிக்கடி வருகிறது என்றால் கண்டுபிடிக்க நல்ல காலம் இதுதான். கழுவித் துடைக்காமல், சேற்றோடு அப்படியே வாருங்கள்.

குடந்தை ஆட்டோ எலக்ட்ரீஷியன், நவம்பர் 3

இன்று பார்த்ததை விவரமாக எழுதுகிறேன், பிறருக்கும் உதவும்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி நிறுத்தி, வண்டியின் உரிமையாளர் அம்மாவையே உள்ளே அமர்த்தி, டி-யில் போட்டு 30 கிலோமீட்டர் அளவில் சுற்ற விட்டோம். ஸ்கேனரில் உட்சுழற்சி வேகத்தையும் வெளிச்சுழற்சி வேகத்தையும் இரண்டு கோடுகளாக ஓட விட்டு, ஒருவர் திரையைப் பார்க்க, நான் சுழலும் சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் எட்ட நின்றுகொண்டு, நீண்ட மரக்குச்சியால் வயரிங்கை ஒவ்வொரு சாணாக அசைத்தேன். சென்சார் கப்ளரை அசைத்தபோது ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸின் மேல், குறுக்குச் சட்டத்தைத் தாண்டும் வளைவில் தொட்டதும் வெளிச்சுழற்சிக் கோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி தொட்டேன். விழுந்தது எழவே இல்லை, டி விளக்கு எரிந்தது.

இன்ஜினை அணைத்து, வெளிப்புறக் குழாயை அறுத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ முன்பே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பை உரித்தால் இரண்டு விரற்கடை நீளத்துக்கு எலி கடித்த தடம். இரண்டு பல் வரிசையும் பதிந்தது தெரிகிறது. ஒரு வயரில் செப்பு இழைகள் முழுதாக இருந்தன. மற்றதில் பதினைந்து இழைக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இழை மிஞ்சியிருந்தன. அவையும் பச்சை பூத்து, நகத்தால் தொட்டதும் ஒன்று உதிர்ந்தது. சூட்டில் டேப்பின் பசை இளகி இழைகள் விலகியிருக்கின்றன. மழையில் ஈரம் புகுந்து இரண்டு வயருக்கும் நடுவே சிக்னல் கசிந்திருக்கிறது. கோடைக்கும் மழைக்கும் ஒரே இடம்தான் காரணம்.

பச்சை எங்கு முடிகிறதோ, செப்பு பளபளப்பாகத் தெரியும்வரை இரு பக்கமும் வெட்டினேன். ஏறத்தாழ ஒரு சாண் போயிற்று. புது வயர் வைத்து, க்ரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடேற்றினேன். அதிரும் இடத்தில் ஈயம் வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து ஒடியும் என்பதால் சால்டர் செய்யவில்லை. பழையபடியே இரண்டு வயரையும் முறுக்கி விட்டேன், ஏனென்றால் அந்த முறுக்குத்தான் வெளி மின்இரைச்சலைத் தடுக்கிறது. சென்சாரின் ஓம் நிலையாக இருந்ததால் அதை மாற்றவில்லை. மொத்தம் 1,800 ரூபாய்.

கோடியக்கரை, நவம்பர் 4

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலிகள் ஊருக்குள் வருவது நம் பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்கலாமா?

வெட்டாற்றங்கரை, நவம்பர் 4

நெல் மூட்டை அடுக்கும் கொட்டகைக்கு ஒட்டிய தாழ்வாரத்தில். இன்றே இடம் மாற்றிவிட்டேன்.

வல்லம் பணிமனை, நவம்பர் 4

நல்லது. இரவில் பானெட்டைத் திறந்து வையுங்கள்; இருட்டும் கதகதப்பும் இல்லாவிட்டால் எலி தங்காது. புகையிலை வைப்பவர்கள் உண்டு, சில நாள் வேலை செய்யும், வாடை போனதும் மாற்ற வேண்டும். அந்த வளைவில் மட்டும் வயர்மேல் நெளிவுள்ள உலோகக் குழாய் மாட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெட்டாற்றங்கரை, டிசம்பர் 18

உலோகக் குழாய் மாட்டியாகிவிட்டது. நவம்பர் 3-க்குப் பிறகு 1,940 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். அதில் பதினொரு நாள் நல்ல மழை, இரண்டு முறை முழங்கால் தண்ணீர். நோட்டில் பயணத் தேதிகள் மட்டும் இருக்கின்றன, எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நேற்று கேட்டில் நியூட்ரலில் நின்றுகொண்டிருந்தபோது, ஏன் இப்போதெல்லாம் ஓரங்கட்டுவதில்லை என்று அம்மா கேட்டார்கள். அடுத்த மாதம் தை அறுவடை தொடங்குவதற்கு முன் கண்டென்சருக்கு முன்னால் மெல்லிய கொசுவலை கட்டலாமா, அல்லது காற்றோட்டம் குறைந்துவிடுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

வல்லம் பணிமனை, டிசம்பர் 18

கொசுவலை வேண்டாம் சகோதரி, அதன் கண்கள் சிறியவை, அதுவே அடைத்துக்கொள்ளும். கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையைக் கிரில்லின் பின்னால் கட்டி, அறுவடை முடியும்வரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டி மாட்டுங்கள். கட்டிய முதல் நாள் கேட்டில் நிற்கும்போது ஆயில் வெப்பத்தைப் பாருங்கள். 94-ஐவிட ஐந்து டிகிரிக்கு மேல் ஏறினால் வலையை எடுத்துவிடுங்கள்.